அடிக்கு அடங்காத 12 பையன்கள்

"இவன் எனக்கு வேண்டாம். எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்!"

பெற்ற தாயே இப்படிச் சொல்லும் வீடுகள் உண்டு. பையன் பள்ளிக்கூடம் போவதில்லை. பெட்டியில் வைத்த பணம் காணாமல் போகிறது. கேட்டால் சோற்றுத் தட்டை விட்டெறிகிறான். தம்பியை அடிக்கிறான். தகப்பனார் பெல்ட்டைக் கழற்றுகிறார். பையன் இரண்டு நாள் அடங்கிக் கிடக்கிறான். மூன்றாம் நாள் முன்னைவிட மோசம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. நம் நாட்டிலும் இருக்கின்றன. அங்கே சேர்த்தால் பையன் திருந்துவானா? அதற்கு உள்ளே என்ன நடக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஆஸ்திரியா நாட்டில் ஓர் ஆசிரியர் செய்தே காட்டினார். நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றும் பலருக்கு அது தெரியாது.

மரக் கொட்டகை இல்லம்

அந்த ஆசிரியரின் பெயர் ஆகஸ்ட் ஐக்ஹார்ன். வியன்னா நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1918-ம் ஆண்டு முதல் உலகப் போர் முடிந்தது. ஆஸ்திரியா தோற்றது. எங்கும் பசி, பஞ்சம். தகப்பனைப் போருக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள், திருடினார்கள். அந்த ஆண்டில் ஓபர்ஹோலாபிருன் என்ற ஊரில் அவர்களுக்காக ஓர் இல்லம் ஏற்பட்டது. அகதிகள் தங்கியிருந்த மரக் கொட்டகைகள்தான் கட்டிடம். பொறுப்பு ஐக்ஹார்னிடம் வந்தது.

அந்தக் காலத்துச் சீர்திருத்தப் பள்ளி என்றால் பிரம்பும் பூட்டும்தான். ஐக்ஹார்ன் பிரம்பை எடுக்கவில்லை. யார் யாருடன் ஒத்துப்போவார்கள் என்று பார்த்து, பையன்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். கடைசியில் 12 பேர் மிஞ்சினார்கள். எந்தக் குழுவும் அவர்களை ஏற்கவில்லை. வாயைத் திறந்தால் வசவு, கையை ஓங்கினால் அடி. கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார்கள்.

அந்த 12 பேரையும் ஐக்ஹார்ன் ஒரே கொட்டகையில் வைத்தார். அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களிடம் ஐக்ஹார்ன் சொன்னது இதுதான்: அடிக்காதீர்கள், திட்டாதீர்கள், அன்பாகவே இருங்கள், பையன்களை விளையாட்டில் ஈடுபடுத்துங்கள். பெரிய காயம் ஏற்படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது? கலகம்தான்! ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. கதவுகள் உடைந்தன. மூடிய ஜன்னல் வழியாக, கண்ணாடி கிழிப்பதையும் பாராமல் வெளியே குதித்தார்கள். சாப்பாட்டு மேஜையும் போயிற்று. ஆளுக்கொரு மூலையில் குந்தித் தரையில் வைத்துச் சாப்பிட்டார்கள். கூச்சல் வெகு தூரம் கேட்டது. மேஜை நாற்காலிக்குப் பணம் கொடுத்த அதிகாரிகள் என்ன நினைத்திருப்பார்களோ!

ரொட்டிக் கத்தி

ஒரு நாள் ஒருவன் ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்தான். மற்றொருவன் கழுத்துக்கு நேரே பிடித்து, "குத்திக் கொன்றுவிடுவேன்" என்று கத்தினான். ஐக்ஹார்ன் பக்கத்தில்தான் நின்றார். பாயவும் இல்லை, பதறவும் இல்லை. பையன் பயங்காட்டுகிறான், குத்தமாட்டான் என்று கணித்திருந்தார். சற்று நேரத்தில் கத்தி தரையில் விழுந்தது. பையன் காலை உதைத்துக்கொண்டு ஊளையிட்டான். பிறகு விம்மி விம்மி அழுதான்.

இத்தனை நாளும் அவன் எதிர்பார்த்தது அடியை. ஓங்கினால் திருப்பி ஓங்குவார்கள் என்பதுதான் அவன் கற்ற பாடம். இங்கே யாரும் ஓங்கவில்லை. அவனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அழுதார்கள், அடங்கினார்கள், அந்தப் பெண்களிடம் ஒட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர்களுக்கு நல்ல சாமான்கள் போட்ட வேறொரு கொட்டகை கிடைத்தது. அதை அவர்கள் உடைக்கவில்லை.

அந்த 12 பேரின் கதைகளையும் ஐக்ஹார்ன் விசாரித்திருந்தார். எல்லா வீட்டிலும் தாய் தகப்பனுக்குள் ஓயாத சண்டை. எல்லாப் பையனும் அன்பு காணாமல், மிருகத்தனமாக அடிபட்டு வளர்ந்தவன்.

இன்னொரு பையன் கதை வேறு. அவன் தோழர்களிடமும் வீட்டிலும் திருடியவன். ஐக்ஹார்ன் அவனையே இல்லத்தின் புகையிலைக் கடைக்குப் பொறுப்பாளியாகப் போட்டார். சில வாரங்களில் பணம் குறைந்தது. ஐக்ஹார்ன் அவனைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. "என் புத்தகங்களைத் தூசி தட்ட வேண்டும், கூட வா" என்றார். தட்டிக்கொண்டே கடைக் கணக்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். பேச்சை மாற்றினார். மறுபடி அங்கேயே வந்தார். பையனுக்கு வேர்த்தது. கடைசியில் உடைந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டான். தண்டனை வரும் என்று நடுங்கினான். ஐக்ஹார்ன் குறைந்த பணத்தைத் தாமே எடுத்துக் கொடுத்தார்!

இதைப் படித்துவிட்டு, திருடுகிற பிள்ளையிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டாம். ஐக்ஹார்ன் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து சொல்லவில்லை. அளவு மீறிய செல்லத்தால் கெட்ட பிள்ளைகளையும் அவர் பார்த்தவர். ஒவ்வொருவனையும் தனித்தனியே ஆராய்ந்தார் என்பதுதான் விஷயம். இந்த அனுபவங்களை 1925-ல் புத்தகமாக வெளியிட்டார். மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டு அதற்கு முன்னுரை எழுதினார்.

நம் நாட்டில்

ஓபர்ஹோலாபிருன் இல்லம் தொடங்கி இரண்டே ஆண்டில், 1920-ல், சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த முதல் மாகாணம் சென்னைதான். வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன.

இப்போது நாடு முழுவதற்கும் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இல்லத்தில் திருத்துவதற்காக என்று சொல்லிப் பிள்ளையை அடித்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மறுபடி அடித்தால் மூன்று மாதம் வரை சிறைவாசமும் உண்டு.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் பிரம்பை மட்டும் பிடுங்கிவிட்டால் போதாது. ஐக்ஹார்னின் கொட்டகையில் 12 பேருக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். கண்ணாடி உடைந்த நாளிலும் இருந்தார்கள். மறுநாளும் அதே முகங்கள் இருந்தன. பையன்கள் கூட்டமாக இருக்க, காவலுக்கு ஓர் ஆளை, அதுவும் குறைந்த சம்பளத்துக்குப் போட்டால் அவர் என்ன செய்வார்? கத்துவார், இல்லாவிட்டால் வேறு வேலை தேடிப் போய்விடுவார். ஏற்கெனவே ஒருவர் பின் ஒருவராகக் கைவிட்டுப் போனதைப் பார்த்த பையன் அவன். இன்னொருவரும் போய்விட்டார் என்று மனதில் எழுதிக்கொள்வான். ஆளுக்கும் சம்பளத்துக்கும் செலவழிக்கத் தயங்குகிற சர்க்கார், மதிலை உயர்த்துவதில் பயன் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "விடுதியில் தள்ளிவிடுவேன்" என்று பயங்காட்டி அனுப்பிய பிள்ளைக்கு, எவ்வளவு நல்ல இல்லமும் ஜெயிலாகத்தான் தெரியும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஏன் அனுப்புகிறோம் என்பதை அவனிடம் உண்மையாகச் சொல்லுங்கள். பார்க்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் போங்கள். பெல்ட்டோடு காத்திருக்கும் தகப்பனிடம் பையன் திரும்பி வந்தால், இல்லத்தில் பட்ட பாடெல்லாம் ஒரே வாரத்தில் வீண்.

ஒவ்வொரு இல்லத்தையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆய்வுக் குழு நேரில் பார்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிவிடக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் போகட்டும். பையன்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடட்டும். யாரோடும் சேராமல் மூலையில் குந்தியிருக்கிற பையன் யார் என்று கேட்கட்டும். அவனுடைய பெயரும் கதையும் அங்கே வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்றும் கேட்கட்டும்.