ஒகோன்க்வோவுக்காக அழுதீர்கள், ஓசுவை எங்கே விட்டீர்கள்?

சென்ற மாதம் ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். சினுவா ஆச்சிபியின் 'சிதைவுகள்' பற்றிய கூட்டம். பேசியவர் முற்போக்காளர், நிறையப் படித்தவர். முக்கால் மணி நேரம் நன்றாகவே பேசினார். வெள்ளைக்காரன் வந்தான், தேவாலயம் கட்டினான், ஒற்றுமையாக வாழ்ந்த இக்போ மக்களின் பண்பாடு நொறுங்கியது, ஒகோன்க்வோ தூக்கில் தொங்கினான். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் நான் கேட்டேன்: "தோழர், ஓசு பத்தி ஒண்ணுமே சொல்லலையே?" "அதுவா, அது சின்ன எடந்தானே" என்றார்.

பக்கக் கணக்கில் சின்ன இடந்தான். பதினெட்டாம் அத்தியாயத்தில் சில பக்கங்கள். அந்தப் பக்கங்களில் இருப்பது இது: ஓசு என்பவர் ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர். அவர் மட்டுமல்ல, அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஓசுதான். ஊராரோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. குடியிருப்பு தனி. ஊர்க்கூட்டத்தில் இடமில்லை, ஊரார் அவர் வீட்டுக் கூரையின் கீழ் ஒதுங்க முடியாது, பட்டம் எதுவும் வாங்க முடியாது. தலைமுடியை வெட்டக் கூடாது, அதுதான் அடையாளம். செத்தால் ஊராரைப் புதைக்கும் இடத்தில் அல்ல, தீய காட்டில்.

இதைப் படித்துவிட்டு 'சின்ன இடம்' என்று புரட்ட முடிகிறதென்றால், அது வாசிப்பின் குறை மட்டுமல்ல. தன் ஊரின் அமைப்பை ஒருநாளும் கீழிருந்து பார்க்காத கண், நைஜீரியாவிலும் கீழே பார்க்காது.

அந்த அத்தியாயத்தில் என்னை நிறுத்தி வைத்த காட்சி வேறு. இரண்டு ஓசுக்கள் தேவாலயத்துக்குள் வருகிறார்கள். அவர்களை விரட்டப் பார்ப்பது ஊர் அல்ல, நேற்று மதம் மாறிய சபையார்! கடவுள் முன்னால் எல்லாரும் சமம் என்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள். கியாகா என்ற போதகர் குறுக்கே நிற்கிறார். ஒருவன் கோபித்துக்கொண்டு பழைய கூட்டத்துக்கே திரும்பிப் போகிறான். ஓசுக்கள் சாவுக்குப் பயந்துகொண்டே முடியை மழிக்கிறார்கள். சாகவில்லை. பிறகு அந்த ஊரின் ஓசுக்களில் ஏறக்குறைய எல்லாரும் வந்துவிடுகிறார்கள்.

ஆக, எது சிதைந்தது, யாருக்குச் சிதைந்தது? நான் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அதே நாவலில் அவனுடைய நீதிமன்றமும் சிறையும் தூக்குக்கயிறும் பின்னாலேயே வருகின்றன. ஆனால் 'ஒற்றுமையாக வாழ்ந்த மக்கள்' என்று மேடையில் சொல்லும்போது அந்த மக்களில் ஓசு உண்டா இல்லையா? ஆச்சிபிக்கு அந்த நேர்மை இருந்தது. தன் முன்னோரின் பெருமையை எழுதிய அதே கையால் அவர்களுடைய கொடுமையையும் எழுதினார். நம்மவர்கள் அவரைப் புகழ்ந்துகொண்டே பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இதன் தொடர்ச்சி 1960இல் வந்த 'நோ லாங்கர் அட் ஈஸ்'. கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் முதலில் இதைப் படியுங்கள். ஒகோன்க்வோவின் பேரன் ஒபி. ஊர்ச் சங்கம் பணம் போட்டு லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்த பையன், லாகோஸில் அரசு வேலை. கிளாரா நர்ஸ், அவளும் இங்கிலாந்தில் படித்தவள். கல்யாணம் என்று வந்ததும் அவள் அழுதுகொண்டே சொல்கிறாள், நான் ஓசு என்று. ஒபிக்கு இதெல்லாம் மூடத்தனம், கட்டியே தீருவேன் என்கிறான். எதிர்ப்பவர் யார் தெரியுமா? அவன் அப்பா. முதல் நாவலில் தன் அப்பனை எதிர்த்து வீட்டைவிட்டு ஓடி தேவாலயத்தில் சேர்ந்த பையன் ந்வோயே, இங்கே ஓய்வுபெற்ற உபதேசியார். மறுப்பதற்கு அவர் பைபிளையே எடுக்கிறார், தொழுநோய் பிடித்த தளபதியின் கதையைச் சொல்லி! திருச்சி மேலப்புதூர் கல்லறையின் நடுவே நிற்கும் சுவரைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அம்மா இன்னும் நேரடி. நான் உயிரோடு இருக்கும்போது கட்டினால் செத்துப்போவேன் என்கிறாள். என் வேலையில் காதல் இணையரோடு உட்கார்ந்து பேசுவது உண்டு. "சாதியெல்லாம் நான் பாக்கறதில்ல அக்கா, ஆனா அம்மா மருந்தக் குடிச்சிருவேன்றாங்க." எத்தனை பையன்கள் இதே வரியைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்! ஒபியும் போகிறான். கிளாரா வயிற்றில் பிள்ளை. கடனோ உடனோ பணம் புரட்டி கருவைக் கலைக்க ஏற்பாடு செய்கிறான், அவ்வளவுதான் அவனுடைய புரட்சி.

இத்தனைக்கும் கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் 1956லேயே ஓசு முறையை ஒழித்துச் சட்டம் போட்டுவிட்டது. நம்முடைய தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955. ஒரே ஒரு வருட வித்தியாசம்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும்: ஓசு வேறு, சாதி வேறு. ஒத்துக்கொள்கிறேன். சமூகவியல் படித்தவள், இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பமாட்டேன். அங்கே மனு இல்லை, அடுக்கடுக்கான நாலாயிரம் சாதி இல்லை. ஆனால் பிறப்பால் ஒதுக்குதல், தனிக் குடியிருப்பு, மணத்தடை, தனிச் சுடுகாடு ஆகிய நாலும் இருக்கிறதே. 2001இல் டர்பன் மாநாட்டில் தலித் இயக்கங்களும் ஜப்பானின் புராக்கு இயக்கத்தாரும் இதைத்தான் சொன்னார்கள். சாதியை அங்கே பேசவிடக் கூடாது என்று மல்லுக்கட்டியது இந்திய அரசு. 'அது வேற' என்று நாவல் கூட்டத்தில் சொல்பவர்கள் தாங்கள் யார் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஜப்பான் என்றதும் ஷிமாசாகி தோசொனின் 'ஹக்காய்', 1906. உஷிமாட்சு ஒரு பள்ளி ஆசிரியர், புராக்கு. பிறப்பை யாரிடமும் சொல்லாதே என்பது அப்பாவின் கட்டளை. நாவல் தொடங்கும்போதே அவர் விடுதியை மாற்றப் பார்க்கிறார். காரணம், அங்கே தங்கியிருந்த பணக்காரர் ஒருவர் புராக்கு என்று தெரிந்து வெளியேற்றப்பட்டது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடி, "சொந்த ஊர் எது, அதுல எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு விழித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் உஷிமாட்சு வகுப்பில் உண்மையைச் சொல்கிறார். எப்படி? மாணவர்கள் முன் மண்டியிட்டு, இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு! பிறகு அமெரிக்காவின் டெக்சாசுக்குக் கிளம்புகிறார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன், கோபத்தில். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? 1922இல் கியோட்டோவில் புராக்கு மக்கள் சுய்ஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, பிறப்புக்காகப் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்றுதான் அறிவித்தார்கள். நாவலையும் அவர்கள் சும்மா விடவில்லை. 1939இல் திருத்திய பதிப்பு வந்தது. மூலம் திரும்பவும் அச்சேற 1953 ஆயிற்று. தோசொன் புராக்கு அல்ல. நல்ல மனம் இருந்தது, மண்டியிடும் உடம்பு அவருடையதாக இல்லை.

ஆச்சிபியும் அப்படித்தான். ஒபியின் தவிப்புக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் உண்டு. மருத்துவமனையில் கிடக்கும் கிளாராவுக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதன்பின் நாவலில் அவள் பேச்சே இல்லை. அவள் எங்கே போனாள், என்ன ஆனாள், எதுவும் தெரியாது.

அந்த வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபது நிமிடம் தருகிறார்களாம். பதினெட்டாம் அத்தியாயத்தை மட்டும் பேசப்போகிறேன்.