எதிர்காலத்தின் அட்டையில் யாருடைய முகம்?

"உள்ளே இருப்பதைப் படியுங்கள், அட்டையில் என்ன அரசியல் வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்கிறார்கள். தோழர்களே, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் அரசியல் அட்டையில்தான் தொடங்குகிறது. வேற்றுக்கோளையோ மந்திர நாட்டையோ யாரும் பார்த்ததில்லை. அங்கே யார் வாழ்வார்கள் என்று முதலில் காட்டுவது அட்டை ஓவியம்.

இதுவரை என்ன காட்டினார்கள்? உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ நாவலின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். பின்வந்த பல அட்டைகளில் அவன் வெள்ளையனாகிவிட்டான். 1987இல் ஆக்டேவியா பட்லரின் 'டான்' வந்தது. நாயகி லிலித் கறுப்பினப் பெண். முதல் பதிப்பின் அட்டையிலோ வெள்ளைப் பெண். 2009இல் ஜஸ்டின் லார்பலெஸ்டியரின் 'லையர்' நாவலுக்கும் இதே கதி. எழுத்தாளரே பகிரங்கமாக எதிர்த்தார், வாசகர்கள் கொதித்தார்கள், அதன் பிறகுதான் அட்டை மாறியது. கறுப்பு முகம் விற்காது என்பது வியாபாரிகள் சொல்லும் காரணம். விற்க முயலாமலே விற்காது என்பதற்குப் பெயர் வியாபாரமா, தீண்டாமையா?

தலைப்பெழுத்தும் அப்பாவி அல்ல. 1923இல் ஜெர்மனியின் ருடால்ஃப் கோக், மரத்தில் செதுக்கியது போன்ற 'நொய்லாண்ட்' எழுத்துருவை உருவாக்கினார். ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் ஆப்பிரிக்கா, கறுப்பினத்தவர் பற்றிய நூல் என்றால் அந்த எழுத்து என்று பழக்கிவிட்டார்கள். 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத் தலைப்பிலும் அதே எழுத்து. கறுப்பு மனிதருக்கும் காட்டு விலங்குக்கும் ஒரே எழுத்து!

நமக்கும் ஒரு 'நொய்லாண்ட்' வைத்திருக்கிறார்கள். தலித் நூல் என்றால் குனிந்த முதுகு, எரிந்த குடிசை, ரத்தம் சொட்டும் எழுத்து. வலி நம் வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளை விண்கலம் ஓட்டும் கதைக்கும் அதே குடிசையைத்தான் வரைவீர்களா? விண்கலத்தை வரைந்துவிட்டு, ஓட்டுபவளை மட்டும் வெளுப்பாக்குவீர்களா?

வேறு வழி இருக்கிறது. 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா' அண்ணலின் வாழ்க்கையைச் சொல்லும் சித்திர நூல். கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மறுத்தார்கள். சாதிவெறியரின் சொற்களுக்குத் தேள்கொடுக்கு வைத்த குமிழ், அன்பான சொற்களுக்குப் பறவை வடிவக் குமிழ். பேச்சின் வடிவமே பேசுபவர் யாரென்று காட்டிக்கொடுக்கிறது. வாழ்க்கை வரலாற்றில் செய்ய முடிந்ததைக் கற்பனை உலகத்தில் செய்ய முடியாதா? 2024இல் சென்னையின் பிளாஃப்ட், சாதி எதிர்ப்பு அறிபுனைவுகளையே தனித் தொகுப்பாகக் கொண்டுவந்துவிட்டது. கதைகள் வரத் தொடங்கிவிட்டன. அட்டைகளும் வர வேண்டும்.

பதிப்பகங்களிடம் நாம் கேட்பது மூன்று. ஓவியருக்குக் கதைச்சுருக்கத்தைக் கொடுக்காதீர்கள், கைப்பிரதியைக் கொடுங்கள். பாத்திரத்தின் நிறத்தையோ அடையாளத்தையோ மாற்றும் அட்டையை நிராகரிக்கும் உரிமையை எழுத்தாளரின் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அட்டை வரைந்தவர், தலைப்பு எழுதியவர் இருவருக்கும் பெயரும் நியாயமான கூலியும் கொடுங்கள்.

மாணவத் தோழர்களே, உங்களிடமும் ஒன்று. ஏப்ரல் 14க்கு நம் தெருச் சுவர்களில் நீல எழுத்தை ஆளுயரத்துக்கு எழுதும் கைகள் நம்மிடம் உண்டு. எந்த எழுத்துருவும் அந்த வளைவுகளைக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கைகளைப் புத்தக அட்டைக்குக் கொண்டுவாருங்கள். நாம் வரையாவிட்டால், நாளைய உலகத்தை நாம் இல்லாமலே வரைந்து முடித்துவிடுவார்கள்.

ஜெய்பீம்.