வேலையில் சேரும் முன் பி.எப். கணக்கைப் பாருங்கள்

உங்களுக்கோ உங்கள் மகன், மகளுக்கோ ஒரு ஸ்டார்ட் அப் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது பீன் பேக் இருக்கைகள், டேபிள் டென்னிஸ் மேஜை, இலவச காபி எல்லாம் காட்டினார்கள். "இங்கு எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார்கள். இதை நம்பி உடனே சம்மதம் சொல்லிவிடாதீர்கள். மேஜையை யாரும் வாங்கிப் போடலாம். அதில் யாராவது விளையாடிக் கொண்டிருந்தார்களா?

ஊழியர்களை ஒரு நிறுவனம் எப்படி நடத்துகிறது என்பது, அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை எப்படிக் கையாள்கிறது என்பதில் தெரிந்துவிடும். இதை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பி.எப். கட்ட வேண்டும். ஒவ்வொரு மாதத் தொகையையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். பிரவுசரில் இ.பி.எப்.ஓ. தளத்தைத் திறந்து, நிறுவனங்களைத் தேடும் பகுதிக்குச் செல்லுங்கள். பெயரை டைப் செய்து, படத்தில் தெரியும் எழுத்துகளையும் கொடுத்துத் தேடுங்கள். எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்பது பட்டியலாக வரும். "வேகமாக வளர்கிறோம்" என்று சொன்ன நிறுவனத்தில் 60 பேர் ஆறே மாதத்தில் 35 ஆகியிருந்தால், காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விளம்பரத்தில் வரும் பெயரைக் கொடுத்தால் சில சமயம் எதுவும் கிடைக்காது. வேலைக் கடிதத்தில் உள்ள பதிவுப் பெயரைக் கொடுங்கள். உதாரணமாக, பைஜூஸ் நிறுவனத்தின் பதிவுப் பெயர் திங்க் அண்ட் லேர்ன்.

அந்த நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. நஷ்டம் 4,500 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் ஆடிட்டரான டெலாய்ட் விலகியது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உத்தரவு வந்தது. கணக்கு தாமதமானபோதே கவனித்தவர்கள் யோசித்திருப்பார்கள். கடைசியாக எந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். அங்கு முதலில் உங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம்.

இணையத்தில் கொடுக்கப்படும் ஸ்டார்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே இருப்பவர்களையே எழுதச் சொல்லி வாங்கிவிடலாம்.

எட்டுப் பேர் மட்டுமே உள்ள புது நிறுவனம் என்றால் பி.எப். பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. அப்போது அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்களா, கடைசி மாதச் சம்பளம் எத்தனை நாளில் கைக்கு வந்தது என்று கேளுங்கள்.