படிம உட்பொதிவும் கல்வெட்டுப் பாடமும்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அதனைப் பிற்காலத்தார் காக்க வேண்டுமெனத் தமிழ்ச் செய்யுளில் வேண்டி, அதைக் கல்லில் பொறிக்கச் செய்தான். அக்கல்வெட்டின் ஒளிப்படத்தை இணையப் பக்கத்தோடு தனிக் கோப்பாக இணைப்பின், கோப்பு இடம் மாறுங்கால் படம் மறைந்துவிடும். பேஸ்64 குறியாக்கம் இதற்கொரு தீர்வாகும். படக்கோப்பின் மூன்று பைட்டுகள் நான்கு குறிகளாக மாறிப் பக்கத்தினுள்ளேயே பதிகின்றன. அளவு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடினும், படம் பக்கத்தை விட்டுப் பிரிவதில்லை.

ஆயினும், இதனாலேயே ஆவணப்படுத்தம் நிறைவுற்றதெனக் கொள்ளுதல் பொருந்தாது. படம் எழுத்துக் குறிகளாக மாறினும், அவை ரோமன் எழுத்துகளும் எண்களும் இரு குறியீடுகளும் கலந்த வரிசையே. பாண்டியனின் ஒரு சொல்லையும் அவற்றுள் தேடிக் காண இயலாது. எனவே, கல்வெட்டுப் படத்தை வெளியிடுவோர் வரியமைப்பு மாறாத ஒருங்குறிப் பாடத்தையும், சிதைந்த இடங்கள் பற்றிய குறிப்பையும் உடன் தருதல் வேண்டும். குற்றாலச் சித்திர சபையின் சுவரோவியப் படங்களுக்கு எழுத்துவழி விளக்கமும் இவ்வாறே இன்றியமையாதது.

பாடத்தின் பிழையைச் சரிபார்க்கப் படம் வேண்டும். படத்தைத் தேடிக் கண்டடையப் பாடம் வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் அமைதலை ஆய்வுலகம் பதிப்பு நெறியாகவே கொள்ளுதல் தகும்.