வாசல் கால்வாய் குப்பைத் தொட்டி அல்ல!

எங்கள் ஊர் திருத்தணி. மலை மேல் முருகன், அடிவாரத்தில் நாங்கள். மழை பெய்தால் மலைத் தண்ணீர், மொட்டை மாடித் தண்ணீர், சிமென்ட் ரோட்டுத் தண்ணீர் எல்லாம் ஒன்றாகத் தெருவுக்குத்தான் இறங்கும். அதைக் கொண்டு போகத்தான் மழைநீர் கால்வாய். நம்மில் பல பேருக்கோ அது, வாசலிலேயே இருக்கிற குப்பைத் தொட்டி!

பெருக்கிய குப்பை, பால் கவர், ஷாம்பு பாக்கெட், பொரித்து மீந்த எண்ணெய் எல்லாம் அதற்குள்தான். "ஏங்க்கா இதிலே கொட்டறீங்க?" என்று எங்கள் தெருவில் ஒருவரைக் கேட்டேன். "அட போம்மா, மழை வந்தா எல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிடும்" என்றார்.

போகும்தான். ஆனால், எங்கே போகும்?

நந்தி ஆற்றுக்குப் போகும். அது கொசஸ்தலை ஆற்றோடு சேர்ந்து பூண்டி ஏரிக்குப் போகும். சென்னையின் குடிநீருக்காக 1944-ல் கட்டி முடித்த ஏரி அது. அந்தத் தண்ணீர்தான் புழல் ஏரி வழியாகச் சென்னைக் குழாய்களில் வருகிறது. இங்கே நாம் தள்ளிவிடுகிற அழுக்கு, சென்னையில் கட்டிக்கொடுத்த நம் மகள் குடிக்கிற தண்ணீரில் போய்ச் சேர்கிறது! சுத்தம் செய்துதான் அனுப்புகிறார்கள். அந்தச் செலவு யார் தலையில் விடிகிறது?

ஆடிக்கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வருகிறார்கள். சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கவர், கப்புகளுக்குத் தமிழகத்தில் தடை இருந்தும், திருவிழா முடிந்தால் தெருவெல்லாம் அவைதான். ஆடியில் வீசியது ஐப்பசி மழையில் கால்வாயை அடைக்கிறது.

இன்னொரு கொடுமை, வண்டி ஏற்றுவதற்காகக் கால்வாய் மேலேயே சிமென்ட் பூசி மூடிவிடுவது. எங்கள் தெருவில் ஒரு வீட்டார் இப்படிச் செய்ததால், போன மழைக்கு எங்கள் சமையலறைக்குள் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். அரிசி மூட்டையும் நனைந்து போனது. கேட்டால், "எங்க வாசல், எங்க இஷ்டம்" என்கிறார்கள். வாசல் அவர்களுடையது, தண்ணீர் போகும் வழி ஊருடையது இல்லையா?

தூர் வார வேண்டியது நகராட்சியின் வேலை. மழைக்கு முன்பே, ஆவணியிலேயே தெருப் பெண்கள் சேர்ந்து போய் மனு கொடுப்போம். நம் பங்கும் உண்டே! 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் குழி கட்டாயமானது. இப்போது எத்தனை குழிகள் மண் மூடிக் கிடக்கின்றன? ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல், அதாவது அறுபது குடம் தண்ணீர்! அது குழியில் இறங்கினால் தெருவில் வெள்ளம் குறையும். கோடையில் கிணறும் கை கொடுக்கும்.

கோலம் போட வாசலைச் சுத்தம் செய்கிற நாம், இரண்டடி தள்ளி இருக்கிற கால்வாயையும் நம் வாசலாக நினைக்கக் கூடாதா? என்ன சொல்றீங்க, சகோதரிகளே?

- ஒரு வாசகி, திருத்தணி.