இங்கிலீஷ் வினையும் தமிழ்ப் பிள்ளைகளும்

இங்கிலீஷ் பாஷையை நம்மவர் கற்க வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் நமது நாட்டில் வெகு காலமாக நடந்து வந்திருக்கிறது. அவ்விவாதத்தில் இன்று நாம் இறங்கப் போவதில்லை. கற்பதென்று தீர்மானித்த பின்னர் அதனை எவ்வாறு கற்பது என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இது பள்ளிக்கூடத்துச் சங்கதியாயிற்றே, தேச காரியங்களைக் கவனிக்கும் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் நினைக்கக்கூடும். நமது பிள்ளைகள் பத்து வருஷம் ஒரு பாஷையைப் படித்த பிறகும் அதில் ஒரு வாக்கியத்தைப் பயமின்றி எழுத மாட்டாமல் நிற்பது தேச காரியம் அல்லவென்றால், வேறு எதுதான் தேச காரியம் என்று நாம் கேட்கிறோம்.

பிள்ளைகள் இடறி விழும் முதற்படி வினைச்சொல். பெயர்ச்சொற்களை எண்ணி மனனம் செய்துவிடலாம், வினை அப்படியன்று. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்று காலங்களையும் நான்கு நான்காகப் பிரித்து, 12 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியலை உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதுகிறார். கட்டங்களின் பெயர்கள் இங்கிலீஷில், விதிகள் இங்கிலீஷில், உதாரணங்களும் இங்கிலீஷில். பையன் 'பிரஸண்ட் பர்பெக்ட் கண்டினியுவஸ்' என்று மந்திரம்போல் உருப்போடுகிறான். பரீட்சையில் விதியைப் பிழையின்றி ஒப்புவிக்கிறான். 'மூன்று நாளாக இங்கே இருக்கிறேன்' என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் விழிக்கிறான். தெரியாத பாஷையின் விதிகளை அதே பாஷையில் போதிப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதேயாகும்.

நமது பாஷையைக் கற்க வந்த ஐரோப்பியர் இவ்விஷயத்தில் என்ன செய்தனர் என்று பார்ப்போம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். எனினும் பிற ஐரோப்பியருக்காகத் தமிழ் இலக்கணம் எழுதப் புகுந்தபோது அதனை லத்தீனிலேயே எழுதினார். 1716-ல் ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் அது அச்சாயிற்று. தமிழில் காப்பியமே பாடிய வீரமாமுனிவரும் பாதிரிமார்களுக்காக வழக்குத் தமிழின் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சேறியது. கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் தென்னாட்டுப் பாஷைகளைக் கற்பிப்பதற்காக 1812-ல் சென்னைக் கோட்டையின் பெயரால் ஒரு கலாசாலையே ஏற்பட்டது. அடுத்து வந்த போப்பையர் தம் நாட்டாருக்காக எழுதிய தமிழ்க் கைந்நூல் இங்கிலீஷில் அமைந்தது. தங்களுக்குத் தெரிந்த பாஷையில் நின்றுகொண்டு தெரியாத பாஷைக்குள் கால் வைப்பதே அவர்கள் கைக்கொண்ட முறை. அந்த நியாயம் நமது பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

தமிழ்ப் பிள்ளை வெறுங்கையோடு இங்கிலீஷ் வகுப்புக்கு வரவில்லை. காலம் மூன்று என்பதைத் தொல்காப்பியர் வினையியலில் வரையறுத்திருக்கிறார். எந்த இடைநிலை எந்தக் காலம் காட்டும் என்பதை நன்னூலார் பகுத்து வைத்திருக்கிறார். இந்நூல்களின் பெயரைக்கூடக் கேட்டிராத ஐந்து வயதுக் குழந்தையும் போனேன், போகிறேன், போவேன் என்று பிழையின்றிப் பேசுகிறது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறோம் என்று ஆளுக்கொரு விகுதியை மாற்றியும் ஆள்கிறது. இங்கிலீஷிலோ நிகழ்கால வினையில் 'ஹி', 'ஷி', 'இட்' என்னும் மூன்றுக்கு மட்டும் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்ந்தால் போதும். இத்தனை விகுதிகளை ஆளும் நாவுக்கு ஓரெழுத்தைக் கண்டு அச்சம் எதற்கு? 'கோ' என்பது 'வெண்ட்' என்று மாறுவது விபரீதமாகத் தோன்றினால், 'வா' என்பது வந்தான் என்றும் வருகிறான் என்றும் நம் வாயில் மாறவில்லையா என்று கேட்டால் போதும்.

பிள்ளைகளை மிகவும் மருட்டும் 'பர்பெக்ட்' என்னும் பிரிவைப் பார்ப்போம். வந்திருக்கிறேன், வந்திருந்தேன், வந்திருப்பேன் என்று தமிழில் 'இரு' என்னும் துணைவினை முக்காலத்திலும் வருகிறது. அவ்விடத்தில் இங்கிலீஷ் 'ஹாவ்' என்னும் துணைவினையை வைத்து, 'ஐ ஹாவ் கம்', 'ஐ ஹாட் கம்', 'ஐ ஷால் ஹாவ் கம்' என்கிறது. வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு 'ஐ ஆம் கமிங்' என்கிறது. 12 கட்டங்களிலும் மிகக் கடினமென்று பெயரெடுத்த 'பர்பெக்ட் கண்டினியுவஸ்' நமது கிராமத்துப் பத்திர எழுத்தருக்கு நித்தியப் பழக்கம். 'இருபது வருஷமாக ஆண்டு அனுபவித்து வருகிறேன்' என்று அவர் எழுதும் வாக்கியத்தின் வினை அதுவேயன்றி வேறில்லை. முன்பே தொடங்கி இன்னும் முடியாத காரியம் என்று இதன் பொருளைத் தமிழில் ஒரு தரம் சொன்னால் பையன் ஆயுள் முழுவதும் மறக்க மாட்டான்.

இரு பாஷைகளும் எங்கும் ஒத்துப் போகின்றன என்று நாம் சொல்லவில்லை. பிரியும் இடங்களே பிழை விளையும் இடங்கள்; ஆகையால் அவற்றையே அழுத்திக் கற்பிக்க வேண்டும். 'நேற்று வந்திருந்தேன்' என்பது தமிழில் இயல்பு. அதை அப்படியே பெயர்த்து 'ஐ ஹாட் கம் எஸ்டர்டே' என்பது பிழை. ஒரு பழஞ் சம்பவத்துக்கும் முந்தியது மற்றொன்று என்று காட்டுவதற்கே அவ்வுருவம் உரியது. வெறுமனே நேற்று நடந்ததற்கு 'ஐ கேம்' என்பதே போதும். 'நேற்றே ஊருக்குப் போயிருக்கிறான்' என்று நாம் ஊகித்துச் சொல்வோம். இங்கிலீஷிலோ நேற்று என்ற சொல் வந்தவுடன் 'ஹாஸ்' விலகிக்கொள்ள வேண்டும். 'மூன்று நாளாக இருக்கிறேன்' என்பதில் நமக்கு நிகழ்காலம் போதும். அவர்களுக்கு 'ஐ ஹாவ் பீன்' வேண்டும். கால அளவைச் சொன்னால் 'பார்', தொடங்கிய நாளைச் சொன்னால் 'ஸின்ஸ்' என்ற பேதத்தை, 'மூன்று நாளாக', 'திங்கட்கிழமை முதல்' என்னும் இரண்டு தமிழ்த் தொடர்களே காட்டிவிடும். 'தினமும் வருவான்' என்று வழக்கத்தை எதிர்காலத்தாற் சொல்வது நமது மரபு. அவர்கள் அதற்கு நிகழ்காலத்தை வைப்பார்கள்.

'டிட் நாட் வெண்ட்' என்று எழுதாத மாணவர் நமது நாட்டில் அரியர். உபாத்தியாயர் சிவப்பு மையால் அடிக்கிறாரேயன்றிக் காரணம் சொல்வதில்லை. 'போகவில்லை' என்னும் தமிழ்ச் சொல்லைப் பிரித்துக் காட்டினால் காரணம் விளங்கிவிடும். அதில் 'போக' என்பது காலம் காட்டாத எச்சம். இங்கிலீஷிலும் எதிர்மறையில் முதல் வினை காலத்தை இழந்து 'கோ' என்றே நிற்கிறது. காலத்தை 'டிட்' சுமக்கிறது. ஒரு சுமையை இருவர் தலையில் ஏற்றுவானேன்? 'போகவில்லை' என்பது நேற்றைக்கும் இன்றைக்கும் பொதுவாகையால், எந்தக் காலத்தைக் கருதுகிறோம் என்று முதலில் தன்னையே கேட்டுக்கொண்டு 'டஸ்' அல்லது 'டிட்' என்பதைத் தெரிந்தெடுக்கப் பையன் பழக வேண்டும். அவ்வளவே.

பிழைகளெல்லாம் தாய்மொழியால் வருவன என்று சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்று எழுதும் பையன் அதைத் தமிழிலிருந்து பெற்றானா? 'எனக்கு அவனைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எந்தத் தமிழனும் பேசுவதில்லை. 'தெரியும்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்துகிறான். இப்பொழுது என்றால் 'இங்' சேர்க்க வேண்டும் என்ற அரைகுறை விதியை உருப்போட்டதால் வந்த பிழை அது. அவனுடைய தமிழைக் கேட்டிருந்தால் தமிழே அவனைக் காத்திருக்கும்.

இது வெறும் இலக்கண விநோதமன்று. வழக்கறிஞர் தொழிலில் பழகிய நாம் கண்ட உண்மை, காலம் பிசகினால் காணியும் பிசகும் என்பது. பிறர் நிலத்தைத் தன்னதென்று வெளிப்படையாகவும் இடைவிடாமலும் 12 வருஷம் அனுபவித்தவன்மீது, அதை மீட்க வழக்குத் தொடுக்கும் உரிமையை 1963-ஆம் வருஷத்திய காலவரையறைச் சட்டம் உடையவனுக்கு அற்றுப்போகச் செய்கிறது. ஒரு குடியானவன் 'பயிர் செய்து வருகிறேன்' என்று தமிழில் சொன்ன சாட்சியம், 'பயிர் செய்தேன்' என்று பொருள்படும் இங்கிலீஷாக மாறி மேல் கோர்ட்டுக்குப் போகுமாயின், இன்றளவும் தொடரும் அனுபவம் என்றோ முடிந்துபோனதாகிவிடும். ஹைக்கோர்ட்டின் பாஷை இங்கிலீஷாக இருக்குமளவும், சொன்னது ஒன்று எழுதியது ஒன்று என்ற கஷ்டம் முதலில் ஏழையின் தலையில்தான் விடியும். அவன் பிள்ளைக்கு இவ்விரண்டு வினைகளின் பேதம் தெரிந்திருந்தால், பிறர் கையை எதிர்பாராமல் தானே படித்துப் பிழையைக் கண்டுகொள்வான்.

இங்கிலீஷை இங்கிலீஷாலேயே கற்பிக்க வேண்டும் என்போர் ஒருபுறம். நிரம்பக் கேட்கவும், வாசிக்கவும், பேசவும் வேண்டும் என்பதில் அவர்களோடு நமக்கு விரோதமில்லை. பழக்கம் வேறு, விளக்கம் வேறு. வீட்டிலும் தெருவிலும் அப்பாஷையைக் கேட்கும் பட்டணத்துச் செல்வர் பிள்ளைக்கு விளக்கம் குறைந்தாலும் நஷ்டமில்லை. கேட்க வாய்ப்பில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு விளக்கமே மூலதனம். இவ்வாறு கற்பித்தால் இங்கிலீஷ் மோகம் இன்னும் மிகும் என்று அஞ்சும் அன்பர்கள் மற்றொருபுறம். 1878-ல் 'ஹிந்து' பத்திரிகையை இங்கிலீஷில் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882-ல் 'சுதேசமித்திர'னைத் தமிழில் தொடங்கினார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். ஒரு பாஷையை ஐயந்திரிபற அறிந்தவன் அதைக் கருவியாக ஆள்வான். அரைகுறையாக அறிந்தவனே அதற்கு அடிமையாகி, தன் பாஷையைப் பேச வெட்கப்படுவான்.

தமிழ்நாட்டில் 1968 முதல் தமிழும் இங்கிலீஷும் என்ற இரு மொழித் திட்டம் இருந்து வருகிறது. ஒரே பையன் ஒரே நாளில் தமிழ் இலக்கணமும் படிக்கிறான், இங்கிலீஷ் இலக்கணமும் படிக்கிறான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் இரண்டும் நடக்கின்றன. தமிழாசிரியரும் இங்கிலீஷ் ஆசிரியரும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து, இந்த வினைக்கு இந்த வினை நேர், இவ்விடத்தில் பேதம் என்று ஒரு சிறு பட்டியல் செய்தாற் போதும். இதற்குச் சர்க்கார் உத்தரவும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

தேச ஊழியம் செய்யும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் மாலை வேளையில் நாலு பிள்ளைகளைக் கூட்டி உட்கார வையுங்கள். 12 கட்டப் பட்டியலை அப்புறம் எழுதலாம். முதலில் 'நேற்று என்ன செய்தாய், இப்பொழுது என்ன செய்துகொண்டிருக்கிறாய், எத்தனை நாளாகச் செய்து வருகிறாய்' என்று தமிழில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் எதிரே அதன் இங்கிலீஷை எழுதுங்கள். பாதி இலக்கணத்தைத் தாங்கள் ஏற்கெனவே அறிந்திருப்பது அவர்களுக்கே அப்பொழுது தெரியவரும். தெரியவந்தால் பயம் நீங்கும். பயம் நீங்கிய பிள்ளை எந்தப் பாஷையையும் கற்கும்.