வீட்டுக்குள்ளே ஒரு புகைமூட்டம்

2019 செப்டம்பர் நினைவிருக்கிறதா? புகைமூட்டம் மோசமாகிப் பள்ளிகளைக்கூட மூடினார்களே, அந்த மாதம். தினமும் காலையில் வானொலியில் எந்த ஊரில் காற்றின் குறியீடு எவ்வளவு என்று வாசிப்பதே என் வேலையாக இருந்தது. “ஜன்னல்களை மூடி வையுங்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ!

சொன்னதை நானும் செய்தேன். ஜன்னல்களை இறுக மூடி, ஏர்கோனைப் போட்டேன். அப்படியும் மூன்று வயது மகனுக்கு இரவில் இருமல் அடங்கவில்லை. மூச்சு விடும்போது விசில் சத்தம் வேறு. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“யாருமே இல்லை டாக்டர்.” கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

“கொசுவத்தி?”

எனக்கு வாயடைத்துவிட்டது. பேரனுக்கு டிங்கி வந்துவிடுமோ என்ற பயத்தில், அம்மா தினமும் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுருள் ஏற்றி வைப்பார்.

அன்றிரவு தேடிப் படித்தேன். சீனா, மலேசியா கொசுவத்திகளை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்திருக்கிறது. ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமமாம். கொசுவை விரட்டும் மருந்து சுருளில் ஒரு விழுக்காடுகூட இல்லை. மற்றதெல்லாம் மரத்தூள், பசை, சாயம் போன்றவை. புகைவது அதுதான். சிகரெட்டைப்போல் நாம் அதை நேராக உறிஞ்சுவதில்லை, உண்மை. ஆனால் மூடிய அறையில் விடிய விடிய அதைத்தானே சுவாசிக்கிறோம்? அந்தத் துகள்கள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

அம்மா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. “தோட்டத்து லயத்துல நாங்கல்லாம் இந்தப் புகையிலதான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன வந்துச்சு?”

நியாயமான கேள்விதான். ஆனால் லயத்து வீடு பலகை வீடு. இடுக்கெல்லாம் காற்று வரும். எங்கள் அடுக்குமாடி அறையில் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே குளிராக்கிச் சுற்றி விடுகிறது. இன்னொன்றும் சொன்னேன். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் விடிந்த பிறகும் பொழுது சாயும் நேரத்திலும்தான் கடிக்கும். நாம் சுருள் ஏற்றுவதோ தூங்கப் போகும்போது.

அதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் துளசிச் சட்டியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கொசுப்புழு நெளிந்தது! அன்றே கொசுவலை வாங்கினோம்.

சில வாரத்தில் மகனின் இருமல் குறைந்தது. மழை பெய்து புகைமூட்டமும் கலைந்துவிட்டதால், எதனால் குறைந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சுருளை மட்டும் திரும்ப ஏற்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அம்மா விடவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பால்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போடுகிறார், பேரனைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு. போன வாரம் அடுப்படி அலமாரியைத் துடைத்தபோது பின்னால் ஒரு பெட்டி கொசுவத்தி அகப்பட்டது.

“கரண்டு போச்சுன்னா வேணும்ல” என்றார் அம்மா.